மொட்டை மாடித் தகராறைத் தீர்ப்பது எப்படி? சாவி முதல் சட்டப் பணிகள் குழு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூரில் 12 வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றில் 4 வருடம் செயலாளராக இருந்தேன். அதற்குப் பிறகு, "உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டவர்களுக்காகக் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் சில கட்டடங்களின் படி ஏறியிருக்கிறேன். போன இடமெல்லாம் ஒரே தப்புதான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். முதலில் பூட்டு, அப்புறம் வாட்ஸ்அப், அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். பத்திரத்தை எடுத்துப் படிப்பது எல்லாம் முடிந்த பிறகு. கீழே உள்ள வரிசையில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள் கிரயப் பத்திரத்தின் நகல், கட்டட அனுமதி வரைபடத்தின் நகல், ஒரு நீளமான டேப், சாக்பீஸ், கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. வரைபடம் பலரிடம் இருக்காது. அதை எப்படி வாங்குவது என்று 3-ஆவது படியில் சொல்கிறேன்.

1. ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

சண்டை ஒரு மாதம் காத்திருக்கும், அறுந்து தொங்கும் கரண்ட் ஒயர் காத்திருக்காது. மாடிக்குப் போய் நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள்: திறந்து கிடக்கும் மின் இணைப்பு, உடைந்த கைப்பிடிச் சுவர், மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். இதில் எது இருந்தாலும் யார் மேல் தப்பு என்று விசாரிக்காமல் பொதுப் பணத்தில் உடனே சரிசெய்துவிடுங்கள். கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

யாராவது தனியாகப் பூட்டுப் போட்டிருந்தால் அதையும் ஆபத்துக் கணக்கில்தான் சேர்ப்பேன். எங்கள் கட்டடத்தில் மேல்தளத்துக்காரர் ஒருவர், ராத்திரியில் யாரோ பாட்டில்களைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கதவுக்குப் பூட்டு மாட்டினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று பார்த்துத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் உடைந்தது. வால்வு மேலே, சாவி 60 கிலோமீட்டர் தள்ளி. லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய தொட்டி, படிக்கட்டு வழியாக ஓடி முடிந்தது.

பூட்டை உடைக்காதீர்கள். உடைத்த நிமிடமே சண்டை உங்கள் பக்கம் திரும்பிவிடும். மாடியைப் பூட்டியவர் புகார் கொடுப்பவராக மாறிவிடுவார். போன் செய்து, "பூட்டு இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு சாவி அடிச்சுக்கறோம்" என்று கேளுங்கள். இதற்கு மறுப்பவர் குறைவு. ஏனென்றால் பூட்டை எடுக்கச் சொன்னால்தான் அவருக்குத் தோற்ற மாதிரி இருக்கும்.

2. உங்கள் கட்டடம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பக்கத்துக் கட்டடத்தில் தீர்ந்த விதத்தைப் பார்த்து நம் கட்டடத்துக்கும் அதையே கேட்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே அடுக்குமாடிதான். உள்ளே மூன்று வகை உண்டு.

முதல் வகை, தனித்தனியாகக் கிரயம் ஆன ஃபிளாட்டுகள். ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பாகம், அதாவது யு.டி.எஸ்., இருக்கும். ஓசூரில் சிப்காட், பெங்களூரு வேலைக்காரர்களை நம்பிக் கட்டப்பட்டவை பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது, ஒரே உரிமையாளர் கட்டிப் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட்ட கட்டடம். இங்கே மாடி வீட்டுக்காரருடையது. வாடகைக்கு இருப்பவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய உபயோகம் மட்டும்தான். அதனால் இரண்டு குடித்தனக்காரர்கள் துணிக்கொடிக்காக மோதிக்கொண்டால் வீட்டுக்காரர்தான் முடிவு சொல்ல வேண்டும். அதற்காக அவர் குடித்தனக்காரரின் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வழிக்குக் கொண்டுவர முடியாது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

மூன்றாவது, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு. கீழ்த்தளம் ஒருவருக்கு, மேல்தளம் ஒருவருக்கு. தருமபுரி பக்கம் நான் பார்த்ததில் மிகக் கசப்பான சண்டைகள் இந்த வகையில்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாடியைப் பற்றி ஒரு வரி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இல்லையென்றால் கீழே உள்ள படிகள் எல்லாம் பொருந்தும். ஆனால் முடிவில் வக்கீலை வைத்து ஒரு திருத்தல் பத்திரமோ உடன்படிக்கையோ எழுதிப் பதிவு செய்வது நல்லது. அடுத்த தலைமுறைக்குச் சித்தப்பா முகம் மட்டும்தான் தெரியும், வாய்ப்பேச்சு தெரியாது.

இனி வருவது பெரும்பாலும் முதல் வகைக்கு.

3. பத்திரத்தைப் படியுங்கள், உங்களுடையதை மட்டும் அல்ல

கிரயப் பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்துக்குப் போங்கள். அங்கேயும், நடுவில் உள்ள நிபந்தனைகளிலும் இந்தச் சொற்களைத் தேடுங்கள்: "பொது உபயோகம்", "மொட்டை மாடி", "மேல்தள உரிமை", "மேற்கொண்டு கட்டிக்கொள்ளும் உரிமை". கண்ணில் பட்ட வரிகளைப் பென்சிலால் கோடிடுங்கள்.

பிறகு வேறு இரண்டு வீட்டாரின் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரே பில்டர் ஒருவருக்கு "மொட்டை மாடி பொது" என்றும், இன்னொருவருக்கு "மாடி உபயோகம் இவருக்கு மட்டும்" என்றும் எழுதிக்கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு சத்தியமாகத்தான் சண்டை போட்டார்கள். அப்படி முரண் இருந்தால் அது கூட்டத்தில் தீராது. சிவில் வக்கீலிடம் இரண்டு பத்திரத்தையும் ஒன்றாகக் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். மற்றவரின் நகல் கிடைக்கவில்லையென்றால் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் பார்த்து, பத்திர எண்ணைக் கொண்டு சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

அடிக்கடி கேட்கும் வாதம், "என் தலைக்கு மேல இருக்கிறது என்னுதுதானே?" மேல்தளத்தில் வீடு வாங்கியதால் மட்டும் மாடி சொந்தமாகாது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொது இடங்கள் எவை என்று சொல்லும் பட்டியலில் மொட்டை மாடியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் இல்லாத, அல்லது 8 வீடுகளுக்கு மேல் போகாத திட்டங்கள் ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லை. நம் பக்கம் 6 வீடு, 8 வீடு என்று கட்டியவை நிறைய. அங்கே உங்களுக்கு முதல் துணை பத்திரமும் அனுமதி வரைபடமும்தான்.

இன்னொரு வாதம், "பில்டர் எனக்கு மாடியைத் தர்றதா சொன்னார், 50 ஆயிரம் வாங்கினார்." சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்க முடியாது. வாய்ச்சொல்லும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய கடிதமும் கிரயம் ஆகாது. இதை அவரிடம் அப்படியே வீசிவிடாதீர்கள். பணம் கொடுத்து ஏமாந்தவர் அவர். அவர் கோபம் போக வேண்டிய முகவரி பில்டர், நீங்கள் இல்லை என்பதை மெல்லப் புரிய வைத்தால் எதிராளி ஒருவர் குறைவார்.

அனுமதி வரைபடத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மாடியில் இருக்கும் அறையோ தகர ஷெட்டோ வரைபடத்தில் இல்லையென்றால் அது பின்னால் முளைத்தது. பேச்சில் இதற்கு எடை அதிகம்.

4. டேப் பிடித்து அளந்து, சாக்பீஸில் கோடு போடுங்கள்

பேசுவதற்கு முன் அளவு. இது ஏன் முக்கியம் என்றால், மாடி ஒவ்வொருவர் மனதிலும் வேறு வேறு அளவில் இருக்கிறது. 2,000 சதுர அடி மாடியில் தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டு அறை, டிஷ், நடக்கும் வழி எல்லாம் போனால் மிஞ்சுவது பாதியாகக்கூட இருக்கலாம். அந்தப் பாதியைத்தான் பங்கு போடப் போகிறீர்கள் என்பது பலருக்கு அப்போதுதான் உறைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு ஆள் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். நீங்களே தனியாக அளந்துவிட்டு வந்தால் அந்த அளவை யாரும் நம்ப மாட்டார்கள். தொட்டியைச் சுற்றி ஆள் நின்று வேலை செய்ய 3 அடி, கதவிலிருந்து தொட்டிக்கு ஒரு வழி, மழைநீர்க் குழாய் வாய்களைச் சுற்றி 2 அடி. இந்த மூன்றையும் முதலில் கோடு போட்டு ஒதுக்குங்கள். இவை யாருக்கும் கிடையாது. மீதியை நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

போட்டோவும் எடுங்கள். காயும் துணிகளோ, பெண்களோ, குழந்தைகளோ படத்தில் வராமல் எடுங்கள். நல்ல எண்ணத்தோடு எடுத்த ஒரு போட்டோவில் பக்கத்து வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்ததால், துணிக்கொடி சண்டை மானப் பிரச்சினையாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

5. புகார்களை நான்காகப் பிரியுங்கள்

எல்லாப் புகாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தீராது. நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள்: உரிமை, உபயோகம், சேதம், தொந்தரவு. "அவர் சோலார் போட்டுட்டார்" உரிமை. "புளி காயப்போட இடமில்லை" உபயோகம். "என் சீலிங் ஒழுகுது" சேதம். "ராத்திரி 11 மணிக்குப் பாட்டு" தொந்தரவு. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு இடத்திலிருந்து வரும்.

உபயோகச் சண்டைக்கு நம் பக்கம் ஒரு காலண்டரே உண்டு. மாசி, பங்குனியில் ஊரிலிருந்து புளி மூட்டை வந்து இறங்கும். கோடையில் வடகமும் மாங்காய் வற்றலும். அறுவடை முடிந்தால் ராகி. இதே மாடியில்தான் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் யூனிஃபார்மை உலர்த்த வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே விதி போட்டால் இரண்டு பேருக்கும் ஒத்துவராது. மாதத்தை வைத்து விதி போடுங்கள்.

சேதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது.

ஒழுக்கு என்றாலே மாடியில் பூந்தொட்டி வைத்தவர் மேல் பழி விழும். பழி போடும் முன் சோதனை செய்யுங்கள். மழை இல்லாத நாளில் சந்தேகப்படும் பகுதியைச் சுற்றிச் சிமெண்டு கலவையால் சின்ன வரப்பு கட்டி, 1 அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பாருங்கள். கீழே ஈரம் தெரிந்தால் தளத்தில் கோளாறு. தெரியவில்லையென்றால் தொட்டிக் குழாயையோ கைப்பிடிச் சுவர் அடியையோ சந்தேகப்படுங்கள். 1 அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. அதனால்தான் அளவு சொல்கிறேன். ஏற்கெனவே விரிசலோ தொய்வோ உள்ள தளத்தில் இன்ஜினியரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

எடைக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஆட்கள் நடமாடும் தட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 1,000 லிட்டர் சின்டெக்ஸ் நிரம்பினால் தண்ணீர் மட்டும் 1 டன். அதைத் தூணோ பீமோ இல்லாத நடுத்தளத்தில் ஒருவர் தனக்கென்று வைத்தால் அது உபயோகம் அல்ல, எல்லார் தலைக்கும் ஆபத்து. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஃப்ளோரைடு, உப்பு என்று இருக்கும் ஊர்களில் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகச் சேர்த்து வைக்க ஆசைப்படுவது நியாயம்தான். தொட்டியைப் பீம் மேல் வைக்க இன்ஜினியரைக் கேட்டு இடம் குறித்துக்கொடுங்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செலவு யாருடையது? மாடி பொதுவென்றால் தளப் பழுதும் பொதுச் செலவு. கீழ்த்தளத்துக்காரர், "எனக்கு ஒழுகலையே, நான் ஏன் தரணும்?" என்பார். "லிஃப்டுக்கு நீங்க தர்ற காசும் அப்படித்தானேங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் அதற்கும் வாதாடுவார்கள், அது வேறு கதை. ரெரா பதிவு உள்ள கட்டடத்தில் ஒப்படைத்து 5 வருடம் ஆகவில்லையென்றால் முதலில் பில்டருக்கு எழுதுங்கள். கட்டுமானக் குறையை அவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்துதர வேண்டும்.

6. கூட்டத்துக்கு முன் தனித்தனியாகப் பேசுங்கள்

கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கலாம் என்பது ஒரு நம்பிக்கை. கூட்டத்தில் முடிவை அறிவிக்கலாம், அவ்வளவுதான். முடிவு அதற்கு முன்பே வீட்டு வாசலில் உருவாகியிருக்க வேண்டும்.

இரண்டு தரப்பையும் அவரவர் வீட்டில், தனியாக, சாப்பாட்டு நேரம் தவிர்த்துப் பாருங்கள். ஷிஃப்ட் வேலைக்காரரைப் பகலில் எழுப்பினால் பாதி விஷயம் அங்கேயே கெட்டுவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அக்கா, உங்களுக்கு மாடியில என்ன நடந்தா நிம்மதி?" யார் செய்தது, எப்போது செய்தது என்று ஆரம்பித்தால் 2019-இல் நடந்த கார் பார்க்கிங் வரை போவார்கள். போகட்டும், ஒரு முறை கேளுங்கள். பெரும்பாலும் மாடிச் சண்டையின் வேர் மாடியில் இருக்காது.

நீங்களே ஒரு தரப்பு என்றால், இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரை அனுப்புங்கள். பதவியில் உள்ளவரைவிட, இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் போய் வருபவர் நல்லது. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும். அவரவர் வீட்டு மொழியில் பேசக்கூடியவர் போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இந்த நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் மாடி பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். எழுத்தில் குரல் தெரியாது. "சரிங்க" என்று ஒருவர் போட்டதை இன்னொருவர் நக்கல் என்று படிக்கிறார். ஸ்கிரீன்ஷாட் வேறு சுற்றும். குழுவில் கூட்டத்தின் தேதி, நேரம், இடம் மட்டும் போதும்.

7. கூட்டத்தை வாகன நிறுத்தத்தில் நடத்துங்கள்

மாடிப் பிரச்சினையை மாடியிலேயே பேசினால் ஆளுக்கு ஒரு பக்கம் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். கீழே நாற்காலி போட்டு உட்காருங்கள். நோட்டில் வரைந்த படம் ஒன்று போதும்.

சொந்தக்காரர் பெங்களூருவில், வாடகைக்காரர் இங்கே என்பது ஓசூரில் சகஜம். வாடகைக்காரரின் குறையைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் வாக்கு உரிமையாளருடையது. உரிமையாளரிடமிருந்து முன்பே கடிதம் வாங்கி வைக்காமல் முடிவெடுத்தால், அவர் ஒரு மாதம் கழித்து, "என்னைக் கேட்டீங்களா?" என்று எல்லாவற்றையும் கலைப்பார். நான் இதில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

எளிதானதை முதலில் எடுங்கள்: சாவி, துணிக்கொடி, காயப்போடும் மாதங்கள். மூன்று விஷயத்தில் கை தூக்கியவர்கள் நான்காவதில் எழுந்து போகத் தயங்குவார்கள். உரிமைச் சண்டையைக் கடைசியில் வையுங்கள். பத்திரங்கள் முரண்பட்டால் அதைக் கூட்டத்தில் எடுக்கவே வேண்டாம்.

8. சோலார், ஷெட், டவர்: இவற்றைத் தனியாகப் பேசுங்கள்

துணி மாலையில் எடுத்துவிடக்கூடியது. சோலார் பேனல் 20, 25 வருடம் நிற்கும். நிரந்தரமாக இடம் பிடிப்பது எதுவாக இருந்தாலும் எல்லா உரிமையாளர்களின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் விடாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 6 வீட்டாரும் ஆளுக்கு 3 கிலோவாட் கேட்டால் 1,800 சதுர அடி. மாடியே அவ்வளவு இருக்காது. முதலில் வந்தவர் போட்டுக்கொள்ளட்டும் என்றால், மூன்றாவது ஆளோடு இடம் தீர்ந்துவிடும், சண்டை தொடங்கும்.

என் யோசனை, சங்கத்தின் பெயரில் பொது இணைப்புக்கு, அதாவது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்குப் போடுவது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் வரை மானியம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மானியம் குறைவுதான், ஆனால் பலன் எல்லார் பராமரிப்புக் கட்டணத்திலும் குறைவதால் பங்கு பிரிக்கும் தலைவலி இல்லை.

பில்டர் திரும்பி வந்து மேலே இன்னொரு தளம் எழுப்ப நினைத்தால், ரெரா பதிவுள்ள திட்டத்தில் அனுமதித் திட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வீட்டாரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.

9. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். நாளைக்கு என்று விட்டால் ஆளுக்கு ஒரு முடிவு ஞாபகத்தில் இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிச் சத்தமாகப் படியுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மொட்டை மாடி அனைவருக்கும் பொதுவானது. கதவுச் சாவி வீட்டுக்கு ஒன்று. இரவு 10 மணிக்கு மேல் கடைசியாக இறங்குபவர் பூட்டுவார். கிழக்குப் பக்கம் 4 கொடிகள் துணிக்கு. காய்ந்த துணியை மாலை 6 மணிக்குள் எடுத்துக்கொள்வது. மேற்குப் பக்கம் பிப்ரவரி முதல் மே வரை புளி, வடகம், வற்றல் காயவைக்க. மற்ற மாதங்களில் பொது. ஒரு வீட்டுக்கு ஒரு முறைக்கு 3 நாள். தொட்டி கழுவும் நாளை 2 நாள் முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதுவது. விசேஷம் வைப்பவர் ஒரு வாரம் முன்பு சொல்லி, மறுநாள் காலை கூட்டித் தர வேண்டும். சிமெண்டு, இரும்பு, தகரம் கொண்டு எதையும் புதிதாகக் கட்டுவதில்லை."

தொட்டி கழுவும் வரி எப்படி வந்தது என்றால், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஒரு வீட்டின் 40 கிலோ புளியில் ஓடியது. விதியை இப்படி நடந்ததிலிருந்து எடுங்கள், அளவும் நாளும் போட்டு எழுதுங்கள். "ஒற்றுமையாகப் பயன்படுத்துவோம்" என்று எழுதினால் அடுத்த வாரமே அதற்கு நான்கு அர்த்தம் வரும். அபராதம் எழுதாமல் இருப்பதே நல்லது என்பது என் அனுபவம். வசூலிக்கப் போகும் ஆளுக்குப் புதுச் சண்டை கிடைக்கிறது.

சங்கம் பதிவாகாமல் இருந்தால் இந்தச் சூட்டோடு அதையும் செய்யுங்கள். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் கட்டடத்துக்கான நடைமுறையை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பதிவான சங்கத்தின் தீர்மானத்துக்குப் பிற்பாடு எந்த அலுவலகத்திலும் மதிப்பு அதிகம்.

10. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்

முதல் மாதம் யாராவது மீறுவார்கள். உடனே துள்ள வேண்டாம். பெரும்பாலும் மறதி, அல்லது ஊரிலிருந்து வந்த மாமியாருக்குச் சொல்லவில்லை. நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாத முடிவில் 15 நிமிடம் உட்கார்ந்து, ஒத்துவராத வரியை மட்டும் அடித்து எழுதுங்கள். எங்களுடைய "மாலை 6 மணி" முதலில் 5 மணியாக இருந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் 5 மணிக்கு வீட்டிலேயே இருப்பதில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

11. பேச்சு முறிந்துபோனால்

இங்கேயும் வரிசை உண்டு. முதலில் சங்கத்தின் பெயரில், தீர்மான நகலோடு, நிதானமான மொழியில் ஒரு கடிதம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பிச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். நீங்கள் முதலில் பேச முயன்றீர்கள் என்பதற்கு இதுதான் ஆதாரம்.

போலீஸ் ஸ்டேஷன் எப்போது? கைகலப்பு, மிரட்டல், பொருளை உடைப்பது என்றால் உடனே. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, கேட்டு வாங்குங்கள். மாடி யாருக்கு என்று கேட்டுப் போனால், "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. ராத்திரிச் சத்தத்துக்கு மட்டும் அவர்கள் நேரடியாக வரலாம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

அனுமதி இல்லாமல் எழுந்த ஷெட், அறை என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: ஆய்வுக்கு வருபவர் அந்த ஷெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார் என்று நினைக்காதீர்கள். உங்கள் பால்கனி அடைப்பும் கணக்கில் வரலாம்.

கோர்ட்டுக்கு முன்னால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. ஓசூர் போன்ற ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பை அழைத்துச் சமரசம் பேசுவார்கள். அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். சந்தேகத்துக்கு 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அதுவும் நடக்காவிட்டால்தான் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு வழக்கு. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தால் மட்டும் இந்த வரிசையைத் தாண்டி நேராக வக்கீலைப் பாருங்கள். எழும்பிய பிறகு இடிக்கக் கேட்பதைவிட எழும்பும்போது நிறுத்தக் கேட்பது எளிது.

ஆணைக்குழுவுக்கோ வக்கீலிடமோ போகும்போது ஒரே உறையில் கொண்டுபோக வேண்டியவை: கிரயப் பத்திர நகல், அனுமதி வரைபடம், அளந்து வரைந்த படம், தேதி உள்ள போட்டோக்கள், தீர்மானத்தின் கையெழுத்துப் பக்கம், மாத நோட்டு, கடிதமும் அதன் அத்தாட்சியும். வாட்ஸ்அப் அச்சுப் பிரதி 40 பக்கம் வேண்டாம். எங்கள் கட்டடத்துக்காரர் ஒருவர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். வக்கீல் அதை மேசை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பத்திரம் இருக்குங்களா?" என்று கேட்டார்.